முதல் சர்வேக்குக் கிளம்பும் முன்: வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறவர்களுக்கு

"கடன் ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றார் அந்த அம்மா. படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். எல்லாம் கேட்டு முடித்து, அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். குழு லோனுக்கு வாரத் தவணை வாங்க வந்தவர்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் பேச்சில் 'கடன்' என்றால் வட்டிக்காரரிடம் வாங்குவது. குழுவில் வாங்குவது லோன். பேங்கில் நகையை வைத்தால் அது அடகு. பக்கத்து வீட்டில் வாங்கியது கைமாத்து. மளிகைக் கடையில் நிற்பது பாக்கி. நான் கேட்டது ஒரு வார்த்தை, அவருக்கு அது ஐந்து வார்த்தை. அன்றைக்கு அதுவரை பார்த்திருந்த 11 வீட்டுக்கும் மறுபடி போனேன். ஏழு வீட்டில் பதில் மாறியது.

இந்தக் கட்டுரை முதல் தடவையாக ஒரு கிராமத்திலோ வார்டிலோ சர்வே எடுக்கப் போகிறவர்களுக்கு. கல்லூரி புராஜெக்டுக்காகப் போகிறவர்கள், தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சொந்த ஊரைப் பற்றி எண்ணிக்கையோடு நாலு விஷயம் தெரிந்துகொள்ள நினைக்கிறவர்கள் என்று யாராக இருந்தாலும் சரி, 50 முதல் 300 வீடு வரை பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சர்வே என்றதும் எல்லோருக்கும் கேள்வித்தாள்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு ஞாபகம் வருவது பூட்டிக் கிடக்கும் வீடு. யாரிடம் போகாமல் விட்டோம், போன இடத்திலும் எதைக் கேட்காமல் விட்டோம் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

யாரைக் கேட்பது: கொஞ்சம் வரலாறு

இதை நீங்கள் மட்டும் யோசிக்கவில்லை. 1790-களில் ஸ்காட்லாந்தில் சர் ஜான் சின்க்ளேர் என்பவர் 160-க்கும் மேற்பட்ட கேள்விகளை ஊர் ஊராக இருந்த பாதிரியார்களுக்கு அனுப்பிப் பதில் வாங்கினார். பயிர், கூலி, மக்கள்தொகை, பழக்கவழக்கம் என்று எல்லாவற்றையும் ஊருக்காக ஒருவரே சொன்னார்.

நூறு வருடம் கழித்து லண்டனில் சார்ல்ஸ் பூத். கப்பல் தொழில் நடத்திய பணக்காரர். 1886-ல் தன் கைக்காசைப் போட்டு லண்டனின் வறுமையை அளக்க ஆரம்பித்தார், 17 தொகுதிகளாக வெளியிட்டார். நகர மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார். தெருத் தெருவாக வண்ணம் தீட்டிய அவருடைய வரைபடங்களை இன்றைக்கும் பார்க்கலாம். ஆனால் பூத்தின் ஆட்கள் முதலில் போய்க் கேட்டது ஏழைகளிடம் அல்ல. பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்கும் பள்ளி வாரிய அலுவலர்களிடம்தான் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். பள்ளி வயதுப் பிள்ளை இல்லாத வீடுகளைப் பற்றி அந்த அலுவலர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பிள்ளை இருக்கும் வீடுகளை வைத்தே மற்ற வீடுகளையும் ஊகிக்க வேண்டியதாயிற்று.

1899-ல் யார்க் நகரத்தில் சீபோம் ரவுண்ட்ரீ நேராக வீட்டுக் கதவுக்கே ஆளை அனுப்பினார். சாக்லேட் தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. 11,560 தொழிலாளர் குடும்பங்கள், 46,754 பேர். ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழாவது வார்டில் தானே வீடு வீடாக ஏறி இறங்கினார். அவரும் கறுப்பினத்தவர்தான். அப்படியிருந்தும் அங்கிருந்தவர்கள் அவரைக் கைநீட்டி வரவேற்கவில்லை. தங்களை ஏதோ விசித்திரப் பிறவிகளைப் போல ஆராய வருகிறார்கள் என்ற கசப்பு அவர்களுக்கு இருந்தது என்று பின்னால் அவரே எழுதினார். நம் ஊரில் படிவத்தோடு ஒரு காலனிக்குள் நுழையும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை என்று செய்து காட்டியவர் ஆர்தர் பௌலி. 1912-ல் ரெடிங் நகரத்தில் தொழிலாளர் வீடுகளில் 20-க்கு ஒன்று என்ற கணக்கில் பொறுக்கி எடுத்துப் போனார். எந்த வீடு என்பதை அவர் விருப்பம் முடிவு செய்யவில்லை, வரிசை முடிவு செய்தது. இந்தியாவில் அந்த வழியைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் மகலனோபிஸ். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1937 முதல் வங்காளத்துச் சணல் சாகுபடியை, சில வயல்களை மட்டும் மாதிரியாக எடுத்து அளந்தார். ஒவ்வொரு வயலையும் எண்ணுவதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதி போதும் என்று அது காட்டியது. 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு, அதாவது நாடு முழுக்க மாதிரி வீடுகளில் அரசு எடுக்கும் சர்வே, தொடங்கியதற்கும் அவர்தான் காரணம்.

நம் ஊர்க் கதை தனி. 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலாபுரம், பாலக்குறிச்சி என்று பல ஊர்களின் கணக்கு 1918-ல் புத்தகமாக வந்தது. பிறகு பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930-களின் நடுவில் அதே ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பினார்கள். 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் போயிருக்கிறார்கள். ஒரு ஊரை நூறு வருடத்துக்குள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது உலகத்திலேயே அபூர்வம். இதில் நமக்குப் பெருமை உண்டு, ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1916-ல் கல்லூரிக்குப் போக முடிந்த பையன்கள் பெரும்பாலும் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். பண்ணையாட்களைப் பற்றியும் சேரியைப் பற்றியும் அவர்கள் எழுதியதை, யார் கண் வழியாகப் பார்த்தது என்று மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

கேள்வித்தாளுக்கு முன்னால் ஒரு வெற்று அட்டவணை

புதிதாக வருகிற எல்லோரும் முதல் நாளே கேள்வி எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். 80 கேள்வி சேர்ந்துவிடும். அதில் 50 கேள்வியின் பதிலை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். உதாரணத்துக்கு: "இந்த ஊரில் பெண்கள் எங்கெங்கே பணம் வாங்குகிறார்கள், அதில் எது அவர்களை அதிகம் நெருக்குகிறது?" அப்புறம், சர்வே முடிந்தபின் அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை எண் இல்லாமல் வெறும் கட்டமாக வரையுங்கள். இடப்பக்கம் பணம் வாங்கிய இடங்கள், மேலே நிலம் உள்ளவர், இல்லாதவர். ஐந்தாறு அட்டவணை போதும். அந்தக் கட்டங்களை நிரப்ப எது தேவையோ அதுதான் உங்கள் கேள்வி. மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கேள்விகள் 40 நிமிடத்தைத் தாண்டினால் சொல்கிறவருக்கும் அலுப்பு, எழுதுகிறவருக்கும் அலுப்பு. கடைசிப் பத்துக் கேள்விக்கு வரும் பதில் அடுப்பில் வைத்த உலையைப் பார்த்துக்கொண்டு சொன்ன பதிலாக இருக்கும்.

வீட்டுப் பட்டியல்

இதில் அவசரப்படாதீர்கள். என் அனுபவத்தில் ஒரு சர்வே தேறுவதும் தேறாததும் இங்கேதான்.

பஞ்சாயத்து வீட்டு வரிப் பதிவேடு கிடைக்கும். வாக்காளர் பட்டியல் கிடைக்கும். இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நம்பி உட்காராதீர்கள். புறம்போக்கில் குடிசை போட்டவர் வரிப் பதிவேட்டில் இருக்க மாட்டார். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்க மாட்டார். ஆகவே கையில் ஒரு நோட்டோடு ஊரைச் சுற்றி நடங்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து, எப்போதும் வீடுகள் வலது கைப் பக்கம் வருவதுபோல் நடந்தால் சந்து விட்டுப்போகாது. படம் வரைந்து வீட்டுக்கு எண் போடுங்கள். தபால்காரரையும் அங்கன்வாடி அக்காவையும் கேளுங்கள். யார் வீட்டில் எத்தனை பேர், யார் திருப்பூர் போய்விட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாது.

"இவ்வளவுதான் ஊர்" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். ஊர் என்று சொல்லும்போது பலர் காலனியைச் சேர்ப்பதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரைக்குப் பின்னால், சுடுகாட்டுப் பாதையில் இருக்கும் வீடுகள் கணக்கில் வராமல் போகும். வயலுக்குள் இருக்கும் காட்டுக்கொட்டாய், கொங்குப் பக்கம் தோட்டத்து வீடு, செங்கல் சூளையில் தங்கி வேலை பார்க்கும் குடும்பம், எல்லாம் பட்டியலில் வர வேண்டும். "அதுக்கு அப்புறம் வீடு இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

எதை ஒரு குடும்பம் என்பது? தேசிய மாதிரி ஆய்வில் வழக்கமாகச் சேர்ந்து வசித்து, பொதுச் சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். நம் பேச்சில் சொன்னால் ஒரே உலை. ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி இரண்டு அடுப்பு வைத்திருந்தால் அது இரண்டு குடும்பம். ரேஷன் கார்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். தனிக்குடித்தனம் போய் மூன்று வருடம் ஆகியும் பெயர் பிரிக்காதவர்கள் நிறையப் பேர்.

எந்த வீடுகள், எத்தனை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைக்குள் எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்ததால் அது சரி. ஊர் அப்படி வெந்ததில்லை. மெயின் ரோட்டில் இருப்பவருக்கு ஒரு தீ, கடைசித் தெருவில் இருப்பவருக்கு வேறு தீ. அதனால் கையில் அகப்பட்ட சோற்றை எடுக்கக் கூடாது.

எளிய வழி இது. பட்டியலில் 400 வீடு, உங்களால் 80 பார்க்க முடியும் என்றால் 400-ஐ 80-ஆல் வகுக்க 5 வரும். ஒன்று முதல் ஐந்து வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 3 வந்தால் 3-வது வீடு, 8, 13, 18 என்று போய்க்கொண்டே இருங்கள். பட்டியல் தெருவாரியாக இருப்பதால் எல்லாத் தெருவும் தானாக வந்துவிடும். ஒரு பிரிவில் வீடு மிகக் குறைவு, ஆனால் அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் அவர்களைத் தனிப் பட்டியலாக்கி அதிகம் பேரை எடுங்கள். மொத்த ஊருக்குக் கணக்குப் போடும்போது அந்த விகிதத்தைச் சரிசெய்ய மறக்கக் கூடாது.

எத்தனை வீடு போதும் என்று எல்லோரும் கேட்பார்கள். சுத்தமாகக் குலுக்கி எடுத்த 100 வீட்டில் 50 சதவீதம் என்று ஒரு விடை வந்தால் உண்மை ஏறக்குறைய 40-க்கும் 60-க்கும் இடையில் இருக்கலாம். 400 வீடு பார்த்தால் 45-க்கும் 55-க்கும் இடையில். பிழை பாதியாகக் குறைய, வேலை நாலு மடங்கு ஆக வேண்டும். மாணவர் சர்வேக்கு என் கருத்து: 400 வீட்டை அரைகுறையாகப் பார்ப்பதைவிட 100 வீட்டை நிதானமாகப் பாருங்கள்.

கேள்வியை வாயால் எழுதுங்கள்

"தங்கள் குடும்பத்தின் பிரதான வாழ்வாதாரம் யாது?" என்று படிவத்தில் எழுதி வைத்தால், தெருவில் ஒவ்வொருவரும் அதைத் தன் போக்கில் மாற்றிக் கேட்பார்கள். ஒருவர் "என்ன வேலை பாக்குறீங்க?" என்பார், இன்னொருவர் "வருமானம் எதுல வருது?" என்பார். இரண்டும் வேறு கேள்வி. ஆகவே பேசுகிற தமிழிலேயே, கேட்கப்போகிற வாக்கியத்தையே எழுதுங்கள். அந்த ஊரில் புழங்கும் சொல்லைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கடனுக்கு நான் இப்போது கேட்பது இப்படி: "குழு லோன் ஏதும் கட்டுறீங்களா?" "நகை எங்கேயாவது அடகுல இருக்கா?" "கைமாத்து வாங்கினது திருப்பணுமா?" "கடையில பாக்கி?" "சீட்டு எடுத்துட்டுக் கட்டிக்கிட்டு இருக்கீங்களா?" "வட்டிக்கு?" ஒவ்வொன்றும் தனி வரி, தனிக் கட்டம்.

வேலையும் இதே போலத்தான். "நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?" என்றால் "சும்மாதாம்ப்பா வீட்ல இருக்கேன்" என்பார். அவர் விடிகாலை இரண்டு மாட்டில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியிருப்பார், மத்தியானம் பூக்கட்டியிருப்பார், சீசனில் நாற்று நடப் போயிருப்பார். 'சும்மா' என்ற சொல்லுக்குள் ஒரு பெண்ணின் பத்து மணி நேர உழைப்பு காணாமல் போகும். "நேத்துக் காலையில எழுந்ததிலிருந்து என்ன என்ன செஞ்சீங்க?" என்று நாளை வரிசையாகக் கேட்டால்தான் அது வெளியே வரும். பெண்களின் வேலையைப் பற்றி நாம் வைத்திருக்கும் பல எண்கள் குறைவாக இருப்பதற்கு இந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

அளவுகளில் கவனம். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை மா என்றும் குழி என்றும் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், 20 மா ஒரு வேலி. வேறு மாவட்டத்தில் குழியின் அளவே வேறு. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். ஏக்கராக மாற்றுவதை ராத்திரி செய்யலாம்.

வயது கேட்டால் 40, 45, 50 என்று முழு எண்ணாகவே வரும். பெரியவர்களிடம் ஊரறிந்த நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பர், அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர், சுனாமி 2004 டிசம்பர். "எம்.ஜி.ஆர். செத்தப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றால் கணக்கு ஓரளவு பிடிபடும்.

எத்தனை நாள் செலவைக் கேட்பது என்பதிலும் பெரிய பாடம் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வு நெடுங்காலமாகக் கடந்த 30 நாளில் என்ன செலவு என்றே கேட்டுவந்தது. 1990-களில் சோதனையாகச் சில வீடுகளில் உணவுக்குக் கடந்த 7 நாள் என்று கேட்டுப் பார்த்தார்கள். உணவுச் செலவு கூடுதலாக வந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏழைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அரிசியும் பருப்பும் அதேதான், மாறியது கேள்வி. 1999–2000 சுற்றில் ஒரே வீட்டில் ஒரே பக்கத்தில் இரண்டையும் கேட்டுவிட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றை இழுத்துவிட்டது என்றும், பழைய வருடங்களோடு இதை ஒப்பிடவே முடியாது என்றும் பொருளாதார அறிஞர்களிடையே வருடக்கணக்கில் விவாதம் நடந்தது. உங்கள் படிவத்தில் ஒரு காலத்தை முடிவு செய்துகொண்டு கடைசிவரை அதையே கேளுங்கள்.

ஒரே கேள்வியில் இரண்டைக் கட்டாதீர்கள். "ரோடும் தண்ணீரும் நல்லா இருக்கா?" என்றால் ரோடு நன்றாக இருந்து தண்ணீர் வராதவர் என்ன சொல்வார்? 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்' என்ற ஐந்து படி அளவுகோலைத் திண்ணையில் வைத்துக் கேட்டு நான் ஒரு நாளும் பலன் கண்டதில்லை. பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, "உங்களுக்கு எது பெரிய கஷ்டமோ அதுல நிறைய வைங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். யோசித்து, எடுத்து, மாற்றி வைப்பார்கள்.

எழுதி முடித்த படிவத்தை, தேர்ந்தெடுத்த வீடுகளில் இல்லாத பத்து வீட்டில் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு "என்னது?" என்று திருப்பிக் கேட்கிறார்களோ அதை மாற்றுங்கள்.

வாசலில்

ஊருக்குள் போகும் முதல் நாள் தலைவரையும் வி.ஏ.ஓ.வையும் பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஆனால் தலைவரின் ஆளை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போது தண்ணீர்க் குழாயைப் பற்றியோ நூறு நாள் வேலைக் கூலியைப் பற்றியோ யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். தெருவிலும், யார் வீட்டுத் திண்ணையில் முதலில் உட்கார்கிறீர்கள் என்பதை ஊர் கவனிக்கும்.

வாசலில் நின்று நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காகக் கேட்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், விருப்பம் இல்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை, எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம் என்று சொல்லுங்கள். கடைசியாக ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும்: "இதனால உங்களுக்கு வீடோ லோனோ உதவித்தொகையோ கிடைக்காதும்மா. நாங்க கவர்மென்ட் ஆள் இல்லை." இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கும். முதியோர் பென்ஷன் நின்றுபோன பாட்டி உங்கள் படிவத்தைப் பார்த்ததும் கும்பிடுவார். அவரிடம் பொய் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பதில் வாங்குவது பாவம் என்றே நான் நினைக்கிறேன். பென்ஷனுக்கு எங்கே மனு கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் சர்வே முடிந்தபின் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். ஆதார் எண்ணைக் கேட்காதீர்கள், தானாக நீட்டினாலும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அம்மா, அக்கா, அண்ணே, ஐயா, தாத்தா என்று வயதுக்குத் தகுந்தபடி எல்லோரையும் ஒரே மரியாதையில் கூப்பிடுங்கள். ஊர்த்தெருவில் "வாங்க, சொல்லுங்க" என்று பேசிவிட்டுக் காலனியில் அதே வயது மனிதரை ஒருமையில் கூப்பிடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய தப்பு இந்த வேலையில் இல்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். எல்லா வீட்டிலும் குடியுங்கள்.

யார் பதில் சொல்வது? பெண்களைப் பற்றிய கேள்வியைப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் குறுக்கே வந்து "அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்" என்பார். சண்டை வேண்டாம். நிலம், பயிர் பற்றிய கேள்விகளை அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, "அண்ணே, சமையல் செலவு மட்டும் அக்காகிட்ட கேட்டுக்கிறேன்" என்று கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம். உங்கள் குழுவில் பெண் ஒருவர் இருந்தால் இது பாதி சுலபம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டால் கடன், நோய், குடி பற்றி எதையும் கேட்காதீர்கள். இன்னொரு நேரம் வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

பூட்டிய வீடு

1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஜனாதிபதி தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் என்பவர் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 61 சதவீத வாக்கோடு. சீட்டு அனுப்பிய பெயர்கள் டெலிபோன் புத்தகத்திலும் கார் வைத்திருப்பவர் பட்டியலிலும் எடுத்தவை. இன்னொரு பக்கம், சீட்டு வாங்கிய நாலு பேரில் மூன்று பேருக்கும் மேல் பதிலே போடவில்லை. போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. இருபது லட்சம் பதில் கையில் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் 80 வீட்டில் 15 வீடு பகலில் பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் கேட்டு எழுதி எண்ணிக்கையைச் சரிக்கட்டும் ஆசை வரும். செய்யாதீர்கள். பகலில் பூட்டியிருப்பது புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்குப் போன வீடு. பகலில் திறந்திருப்பது பெரும்பாலும் கொஞ்சம் வசதியான வீடு, அல்லது வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு. பூட்டிய வீட்டை விட்டுவிட்டுத் திறந்த வீட்டைச் சேர்த்துக்கொண்டே போனால் உங்கள் சர்வேயில் ஊர் பணக்கார ஊராகிவிடும்.

மூன்று தடவை போங்கள், மூன்றும் வேறு நேரமாக இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, விளக்கு வைத்தபின் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. அப்படியும் கிடைக்காவிட்டால் 'பார்க்க முடியவில்லை' என்று எழுதி, வீடு எந்தத் தெரு, கூரை என்ன, பூட்டு எத்தனை நாளாக என்று வெளியிலிருந்து தெரிவதைக் குறியுங்கள். மறுத்தவரை 'மறுத்தார்' என்று தனியாக எழுதுங்கள். இந்தத் தாளைத் தூக்கிப்போடாதீர்கள், அறிக்கையில் இதற்கு ஒரு பத்தி வேண்டும்.

ராத்திரி வேலை

அன்றைய படிவங்களை அன்றைக்கே பாருங்கள். ஒரு வாரம் கழித்து "இந்த வீட்டில் எத்தனை ஆடு?" என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. காலியாக இருக்கும் கட்டம் எல்லாம் ஒரே காலி அல்ல. 'இல்லை', 'தெரியாது', 'சொல்ல மாட்டேன்', 'நான் கேட்க மறந்துவிட்டேன்' நாலுக்கும் நாலு குறியீடு வையுங்கள்.

இரண்டு பேராகப் போகிறீர்கள் என்றால் மகலனோபிஸ் செய்ததைச் சின்ன அளவில் செய்யலாம். தேர்ந்தெடுத்த வீடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஒற்றைப்படை ஒருவருக்கு, இரட்டைப்படை இன்னொருவருக்குக் கொடுங்கள். தெருவாரியாகப் பிரிக்காதீர்கள். முடிவில் இருவர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் கடன் உள்ள வீடு 70 சதவீதமும் இன்னொருவருக்கு 35-ம் வந்தால் வித்தியாசம் ஊரில் இல்லை, கேட்ட விதத்தில் இருக்கிறது.

போனில் பதிவு செய்ய ஓடிகே, கோபோ போன்ற இலவசச் செயலிகள் உண்டு, சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும். வசதிதான். ஆனாலும் ஒரு சின்ன நோட்டு கூடவே இருக்கட்டும். "கல்யாணத்துக்கு வந்த மொய்யைத் திருப்பிச் செய்யறதும் கடன்தானே தம்பி" என்று ஒரு தாத்தா சொன்னதை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. பெயரும் கதவு எண்ணும் உள்ள தாளை வேறு உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். கணக்கு இருக்கும் ஃபைலில் வெறும் எண் மட்டும் இருக்கட்டும்.

எழுதும்போது, திரும்பிப் போகும்போது

அறிக்கையில் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்: பட்டியலில் எத்தனை வீடு, எத்தனை எடுத்தீர்கள், எத்தனை பார்த்தீர்கள், எத்தனை பூட்டு, எத்தனை மறுப்பு, எந்த மாதம். அறுவடைக்கு முன் கேட்ட கடனும் பின் கேட்ட கடனும் ஒன்றல்ல. நிரப்பாத படிவம் ஒன்றைக் கேட்ட வாக்கியங்களோடு அப்படியே பின்னிணைப்பாக வையுங்கள். 1916-ல் மாணவர்கள் ஊரில் கிணறு எத்தனை, ஏர் எத்தனை, கூலி எவ்வளவு என்று எழுதி வைத்ததால்தான் பின்னால் போனவர்களால் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. உங்கள் ஊருக்கும் இருபது வருடம் கழித்து ஒரு மாணவி வரலாம்.

கணக்கு முடிந்ததும் ஊருக்கே திரும்பிப் போங்கள். யார் வீடு என்று தெரியாதபடி மொத்த எண்களை மட்டும் சார்ட்டில் பெரிதாக எழுதி, மாலையில் ஒரு இடத்தில் ஒட்டி, படித்துக் காட்டுங்கள். அந்த இடம் ஊர்க்காரர்கள், காலனிக்காரர்கள் இருவருமே தயக்கமில்லாமல் வரக்கூடிய இடமாக இருக்கட்டும், பள்ளிக்கூட மைதானம் சரியாக இருக்கும். நான் அப்படி ஒட்டிய ஒரு சாயங்காலம், குழு லோன் கட்டும் வீடு 62 என்று படித்ததும் பின்னாலிருந்து ஒரு அக்கா எழுந்து, "அது எப்படி, எங்க சந்துல மட்டும் ஒன்பது பேர் கட்டுறோம், எங்க சந்துக்கே நீங்க வரலையே" என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் கூடவே போய்ப் பார்த்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சந்து, பதினோரு வீடு. பட்டியலில் சேர்த்து, 5-க்கு ஒன்று கணக்கில் இரண்டு வீட்டுக்குப் படிவம் போட்டேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் மொத்த வீடுகளின் எண்ணிக்கையைத் திருத்தி, எப்போது, யார் சொல்லித் தெரிந்தது என்பதைப் பெயர் போடாமல் அடியில் எழுதினேன்.